டேஷ்போர்டுக்குள் சிக்கிய கை

அத்தியாயம் பதினொன்று

வெள்ளை டாக்சி பட்டறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை. டிரைவர் கதவைத் திறந்ததும், வெந்நீர் அண்டாவின் மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஓர் அனல் உள்ளேயிருந்து வந்தது.

"ஏசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"ஃபுல்லா போட்டிருக்கேம்மா. இதுதான் ஃபுல்லு."

இந்த ஒரு வண்டியைப் பற்றித்தான் போன வாரம் முழுக்க வீட்டில் பேச்சு. நாற்பது டாக்சி ஓட்டும் கம்பெனி ஒன்று, தன் எல்லா வண்டிகளின் ஏசி வேலையையும் மூன்று வருஷத்துக்கு இந்தப் பட்டறைக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பரீட்சை. மூன்று பட்டறை ஏறி இறங்கியும் குளிராத இந்த வண்டியைக் குளிர வைத்துக் காட்ட வேண்டும். அக்காவின் தம்பி யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தான். பட்டறையில் ஆட்களிடம் பேசுவது அவன் வேலை. ஏசியில் கை வைப்பது அக்கா மட்டும்தான். மூன்றாவது ஆள் கிடையாது.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. டிரைவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'மூக்கு'. கேஸ் எங்கே கசிகிறது என்று மோந்தே பிடித்துவிடுவாளாம். உண்மையில் அந்தக் கேஸுக்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. "நான் மோந்து பாக்கலப்பா, யோசிச்சுப் பாக்குறேன்" என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதாக இல்லை.

அவள் சட்டைப்பையில் பத்து நாளாக ஒரு கடிதம் இருந்தது. ஒரு முழு நாள் பயண தூரத்தில், பெண்களுக்கென்று புதிதாகத் திறக்கும் தொழிற்பயிற்சி நிலையம். அங்கே ஏசி வேலை சொல்லிக்கொடுக்க அவளை அழைத்திருந்தார்கள். வகுப்பு திங்கட்கிழமை தொடக்கம். சம்மதம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் தம்பி நாற்பது டாக்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. வாயை மூடிக்கொள்வாள்.

டாக்சிக்குப் பின்னாலேயே தன் வண்டியில் வந்து இறங்கினார் கம்பெனி மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, அளந்து பேசும் வாய்.

"கண்டென்சர் மாத்தியாச்சு. போன மாசம் கூலிங் காயிலும் புதுசு போட்டாச்சு. கேஸ் நிரப்பினா பத்து நாள் குளிரும், அப்புறம் இதே கதைதான். நாலு மணிக்கு வர்றேன்மா. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"முடிஞ்சிரும் சார்!" என்று அக்காவுக்கு முன்னால் தம்பி சொன்னான். "அக்கா கை வெச்சா வண்டி வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிடும்."

அவன் மற்ற வண்டிகளைப் பார்த்துவர மேனேஜரோடு கிளம்பிப் போனான். டிரைவரும் கூடவே போய்விட்டார்.

அக்கா பானெட்டைத் திறந்து, கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினாள். இந்த வெயிலுக்கு முள் நிற்க வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. கேஸ் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவும் நல்லதுதான். கசிய ஏதாவது இருந்தால்தானே கசியும் இடத்தைப் பிடிக்க முடியும்.

கேஸ் போகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். குழாய்களின் இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். உலர்ந்து கிடந்தன. சோப்பு நுரை பூசிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. முன்னால் பார்த்த பட்டறைக்காரர் யாரோ ஒளிரும் சாயம் விட்டிருந்தார். நீல விளக்கை அடித்துப் பார்த்தாள். எஞ்சின் பக்கம் எங்கேயும் ஒரு பொட்டு மினுங்கவில்லை.

அப்படியானால் கசிவு வெளியே இல்லை. உள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால்.

காற்றாடியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். வண்டிக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் கசிவுக் கருவியின் முனையை வைத்தாள். கருவி கீச்சு கீச்சென்று கத்தித் தீர்த்துவிட்டது.

கூலிங் காயில் இருக்கும் பெட்டிக்குள்தான் கசிவு. ஆனால் காயில் போன மாதம்தான் புதிதாகப் போட்டது. ஒன்று, புதுக் காயிலிலேயே ஓட்டை. இல்லையென்றால் காயிலும் அதற்குள் கேஸை விடும் வால்வும் சேரும் இடத்தில் கோளாறு. காயில் என்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அது இரண்டு நாள் வேலை. வால்வு என்றால் இரண்டு மணி நேரம். எது என்று தெரிந்தாக வேண்டும்.

இடது பக்க சீட்டுக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியைக் கழற்றி எடுத்தாள். காயில் பெட்டியின் பக்கவாட்டு மூடியையும் கழற்றினாள். கண்ணுக்கு எட்டாத இடம், கைக்குத்தான் எட்டும். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீண்டிருக்க, தலையைக் கீழே கொடுத்து மல்லாந்து படுத்து, இரும்புச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே வலது கையை நுழைத்தாள்.

மணிக்கட்டு போயிற்று. முழங்கைவரை போயிற்று. விரல் நுனியில் வால்வு தட்டுப்பட்டது. இணைப்பின் அடியில் தடவினாள். வழவழவென்று எண்ணெய்.

"அட கள்ளா" என்று சொல்லிக்கொண்டே கையை இழுத்தாள்.

கை வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தாள். சட்டத்தைத் தாங்கும் பட்டையின் விளிம்பு மணிக்கட்டு எலும்பில் கடித்துக்கொண்டது. திருப்பினாள், வலித்தது. உள்ளே தள்ளி வெளியே இழுத்தாள், இன்னும் வலித்தது. போன வழியாகத்தானே கை திரும்ப வேண்டும்? ஆனால் போகும்போது இருந்த வழி வரும்போது இல்லை.

"ஆப்பசைத்த குரங்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பட்டறையின் முன்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்கியிருந்தது. வண்டிக்குள் காற்று அசையவில்லை. முகத்துக்கு ஒரு சாண் மேலே கறுப்பு பிளாஸ்டிக்கும் ஒயர்க் கற்றைகளும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதைத் துடைக்க இடது கையைத் தூக்கினால் முழங்கை ஹேண்ட் பிரேக்கில் இடித்தது. செல்போன் ஸ்பேனர் பெட்டியின் மேல் இருந்தது. பார்க்க முடிந்தது, எட்டவில்லை.

"சிட்டு!" என்று கத்தினாள். "சிட்டு!"

சிட்டு தம்பியின் மனைவி. நின்ற இடத்தில் நிற்காதவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர். பட்டறைக்கு மேலே மாடியில்தான் வீடு. எட்டு மாதத்துக்கு முன்னால் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அப்பாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் தடியால் தரையைத் தட்டுவார். தண்ணீருக்கு இரண்டு தட்டு, தலையணைக்கு மூன்று. கோபத்துக்குக் கணக்கில்லை.

இப்போது மேலே கணக்கில்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அக்காவின் குரல் மாடி ஏறவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்தன. கத்தக் கத்தத் தொண்டை வறண்டது. முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சல், அதற்குப் பிறகு பயம். மூச்சு வேகமாக ஓடியது. ஒன்று, இரண்டு என்று எண்ணி அதைப் பிடித்து நிறுத்தினாள். நாலு மணிக்கு மேனேஜர் வருவார், அப்போதாவது யாராவது பார்ப்பார்கள். ஆனால் ஐந்து மணிக்குள் அந்தக் கடிதத்துக்குப் பதில்?

ஒரு மணி சுமாருக்கு சாப்பாட்டு டப்பாவோடு சிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணி, சாப்பாடு. என்ன, தூங்கிட்டீங்களா?"

"ஆமா, பஞ்சு மெத்தை. கை மாட்டிக்கிச்சுடி. வரமாட்டேங்குது."

டப்பா தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சிட்டு குனிந்து பார்த்தாள்.

"ஐயய்யோ! யாரையாச்சும் கூப்பிடவா? அவருக்கு போன் பண்ணவா?"

"அவன் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கான், வர ரெண்டு மணி நேரமாகும். பதறாத. முதல்ல தண்ணி குடு."

சிட்டு பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாள். பாதி வாய்க்குள்ளும் பாதி காதுக்குள்ளும் போயிற்று.

"இப்ப ஒரு வேலை செய். என் சட்டைப் பையில ஒரு லெட்டர் இருக்கும், எடு. அதுல ஒரு நம்பர் இருக்கு. போட்டு என் காதுல வை. எப்ப வெளிய வருவேன்னு தெரியல. அஞ்சு மணிக்குள்ள அவங்ககிட்டப் பேசியாகணும். என்ன ஏதுன்னு அப்புறம் சொல்றேன்."

சிட்டு கையை நீட்டவில்லை.

"சிட்டு?"

"அந்த லெட்டர் எனக்குத் தெரியும் அண்ணி."

அக்காவால் தலையைத் திருப்ப முடியவில்லை. சிட்டுவின் புடவைக் கரையும் செருப்பும் மட்டும்தான் கண்ணில் பட்டன.

"சட்டையைத் துவைக்க எடுத்தப்பப் படிச்சேன். திரும்ப அப்படியே வெச்சுட்டேன். முந்தாநாள் நீங்க பெட்ரோல் போடப் போயிருந்தீங்களா, அப்ப அங்கேருந்து பட்டறை நம்பருக்கு போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"எடுத்து?"

"வரமாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

மேலே தட்டும் சத்தம் நின்றிருந்தது.

"என்ன காரணம் சொன்னே?"

சிட்டுவின் செருப்பு தரையைத் தேய்த்தது.

"கேக்குறேன்ல."

"கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு…"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. உடம்பு குலுங்கியதில் பட்டை மணிக்கட்டை இன்னும் கடித்தது. வலியில் கண்ணீர் வந்தது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

"மாப்பிள்ளை யாருடி? அதையும் சொல்லியிருப்பியே."

"வெளிநாட்டுல இருக்கார்னு சொன்னேன். அவங்களாதான் கேட்டாங்க, அவசரத்துல வாயில வந்துச்சு."

"நல்லா இருக்காராமா?"

"அண்ணி, தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க."

"எந்தக் கையால அடிக்கிறது?"

சிரிப்பு வடிந்து போனது. அடியில் வேறொன்று கிடந்தது. பத்து நாளாக அவள் ஒருத்தியாகச் சுமந்து திரிந்த ஒன்றை இன்னொருத்தி இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டிருக்கிறாள். எழுந்து உட்கார்ந்து இவள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். எழுந்திருக்க முடியாது. முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா. நானா செஞ்சது."

"சரி. முதல்ல என்னை வெளிய எடு."

செருப்பு அசையவில்லை.

"எடுத்தா போயிடுவீங்க" என்றாள் சிட்டு. மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

அக்காவுக்கு நெஞ்சு சில்லிட்டது. இவ்வளவு வெயிலிலும்.

அந்த நேரம் பார்த்து மாடியில் தடி இறங்கியது. இரண்டு தட்டு. தண்ணீர். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. பிறகு கணக்கில்லாமல்.

சிட்டு மேலே பார்த்திருக்க வேண்டும். பழக்கப்பட்ட கால்கள் படிக்கட்டுப் பக்கம் ஓரடி எடுத்துவைத்தன. நின்றன. திரும்பின.

"மாமா கொஞ்சம் தட்டட்டும்" என்றாள். "என்ன பண்ணணும், சொல்லுங்க."

அக்கா மூச்சை விட்டாள். "பெட்டியில பன்னெண்டாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் இருக்கும். மேல எழுதியிருக்கும். எடுத்துட்டு டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து, என்னை மாதிரியே தலையைக் கீழ குடுத்துப் படு."

"புடவையிலயா?"

"பின்ன? மாத்திட்டு வர்றியா?"

சிட்டு படுத்தாள். பிரேக் கட்டையில் தலையை இடித்துக்கொண்டாள். 'அம்மா' என்றாள். கியர் பெட்டிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக அவள் முகம் தெரிந்தது. தலைகீழாக, வியர்த்து, கண் சிவந்து. இரண்டு பேரும் ஒரே பொந்துக்குள் இரண்டு பக்கமாக மாட்டிய எலிகளைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் நெத்திக்கு நேர் மேல ஒரு பட்டை இறங்குது பாரு. அதுல ஒரு போல்ட்டு. தெரியுதா?"

"ரெண்டு இருக்கு."

"பெருசு. அதுல மாட்டு. இடது பக்கமா சுத்து."

"என் இடமா, உங்க இடமா?"

"உன் இடம்தான். நான் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல."

சிட்டு இழுத்தாள். ஸ்பேனர் நழுவி அவள் தோளில் விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினாள். பல்லைக் கடித்தபடியே பேசினாள்.

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் அண்ணி. மாடி, பட்டறை, மாடி. நீங்களாச்சும் வண்டியை ஓட்டிப் பாக்கறேன்னு தெருமுனைவரைக்கும் போறீங்க. இந்த எட்டு மாசத்துல நான் சேந்தாப்புல ஒரு மணி நேரம் வெளிய நின்னதில்ல. மாமா தட்டுனா நான், அவர் கூப்பிட்டா நான், குழாய்ல தண்ணி வரலைன்னா அதுக்கும் நான். ராத்திரி சாப்பிட உக்காந்தா நீங்க ஒருத்திதான் 'நீ சாப்பிட்டியா'ன்னு கேப்பீங்க. அந்த லெட்டரைப் படிச்சதும் எனக்கு அது மட்டும்தான் தெரிஞ்சுது. கதவைத் திறந்துட்டு நீங்க போயிடுவீங்க. எனக்கு லெட்டர் போட யாரு இருக்கா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள். தான்தான் மத்தளம் என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள். வீட்டில் இன்னொரு மத்தளமும் இருந்திருக்கிறது. அது தெரிந்ததால் கோபம் போய்விடவில்லை. கோபத்தோடு கூட இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"கத்தியிருக்கலாமேடி என்கிட்ட."

"நீங்க மட்டும் கத்தினீங்களா? லெட்டரைப் பையில வெச்சுத் தெச்சுக்கிட்டீங்க."

"போல்ட்டைப் பாரு" என்றாள் அக்கா.

கடக் என்று ஒரு சத்தம். போல்ட்டு இளகியது. "சுத்துது! சுத்துது அண்ணி!" பட்டை ஒரு விரல்கடை கீழே இறங்கியது. அக்கா மணிக்கட்டைத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி இழுத்தாள். தோல் உரிந்தது. கை வந்துவிட்டது.

வண்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மணிக்கட்டைச் சுற்றி சிவப்பாக ஒரு வளையம். அதை அவள் பார்க்கவில்லை. முதல் காரியமாக நீல விளக்கை எடுத்து விரல் நுனியில் அடித்தாள். விரல்கள் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கின.

"கிடைச்சிருச்சு" என்றாள்.

"உடைஞ்சிருக்கா? எலும்பா?"

"கசிவுடி."

சிட்டு தண்ணீர் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். போன வேகத்தில் அழுக்குப் புடவையோடே திரும்பி வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அக்காவின் வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அதனால் சொன்னதை எல்லாம் சிட்டுவே எடுத்துக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டாள், துடைத்தாள்.

மிச்சமிருந்த கேஸை மெஷினில் இழுத்துவிட்டு வால்வைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. புதுக் காயிலைப் போட்ட புண்ணியவான், இணைப்புக்குப் பழைய ரப்பர் வளையத்தையே மாட்டியிருந்தான். அது தட்டையாகி, ஓரத்தில் நகத்தால் கீறினாற்போல் ஒரு வெட்டு.

"இவ்ளோ சின்னதா?" என்றாள் சிட்டு. "இதுக்கா மூணு பட்டறை?"

"பாக்குற இடத்துல இருந்தா முதல் பட்டறையே பாத்திருக்கும்."

வால்வின் இரண்டு குழாய்க்கும் புது வளையம் எடுத்து எண்ணெய் தடவிப் பொருத்தி, இணைப்பை இறுக்கி நைட்ரஜன் ஏற்றினாள். இனி அரை மணி நேரம் கேஜ் முள் நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னொரு ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். சிட்டு முக்காலியைப் போட்டு முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நின்ற இடத்தில் நிற்காதவள் அரை மணி நேரம் அசையவில்லை.

"அப்படியே நிக்குது அண்ணி. மயிரிழைகூட நகரல."

பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம், பிறகு கேஸ். எஞ்சின் ஓட, காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினாள். முப்பத்தைந்து, இருபது, பன்னிரண்டு, ஆறு. சிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அவளை எழுப்பவில்லை.

மணி மூன்று ஐம்பது. செல்போனை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் போனாள். பயிற்சி நிலையத்தின் முதல்வர் ஒரு பெண்மணி. அவரே எடுத்தார். பேர் சொன்னதும், "கல்யாண வாழ்த்துகள்!" என்றார்.

"மேடம், கல்யாணம் எதுவும் இல்ல. வீட்டுல ஒரு குழப்பம். நான் வர விரும்புறேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க இடத்துக்கு அடுத்தவரைக் கூப்பிட்டுட்டோமேம்மா. அவர் இன்னும் உறுதி சொல்லல. ஒண்ணு செய்ங்க. அஞ்சு மணிக்குள்ள 'சம்மதம்'னு உங்க பேர்ல எழுத்துல ஒரு மெயில் வந்தா இடம் உங்களுக்கு. அஞ்சு அஞ்சுக்கு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இந்தத் தடவை நீங்களே எழுதுங்க, சரியா?"

"சரி மேடம்."

வாசலில் ஹார்ன் சத்தம். தம்பியின் குரல் உள்ளே ஓடி வந்தது. "அக்கா! என்னாச்சு? முடிஞ்சுதா?"

மேனேஜர் டாக்சிக்குள் ஏறிக் கதவைச் சாத்திப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது முதல்முறையாகச் சிரித்தார்.

"பழைய வளையமா! ரெண்டு தடவை டேஷ்போர்டைப் பிரிச்சாங்கம்மா, ரெண்டு தடவை." அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "கை என்ன ஆச்சு?"

"வேலையில பட்டது சார்."

"இப்படிக் கையை விட்டுப் பாக்குற ஆள் வேணும்னுதான் ஒப்பந்தத்துல அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். மூணு வருஷமும் ஒவ்வொரு வண்டியையும் நீங்களே பாத்து விடணும், வேற ஆளை வெக்கக் கூடாதுன்னு. நீங்களும் தம்பிகிட்ட கையெழுத்து போட்டுக் குடுத்தனுப்பி ஒத்துக்கிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

"நானா?"

மேனேஜர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒன்று தம்பியுடையது. இன்னொன்று அவள் பெயரில். சுழிகள், கோணல், கடைசியில் வரும் வால் எல்லாம் கிட்டத்தட்ட அவளுடையது போலவே. கிட்டத்தட்ட.

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் டாக்சியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் சிவந்திருந்தது.

அவளருகே வந்து மேனேஜர் காதில் விழாதபடி சொன்னான். "உன்னைக் கேக்க நேரமில்லக்கா. கேட்டாலும் சரின்னுதானே சொல்லியிருப்பே? நீ எங்க போகப்போறே?"

சிட்டு வண்டிக்குள்ளிருந்து இறங்கி நின்றாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் கணவனைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இல்லை. முந்தாநாள் போனில் தான் சொன்னதை வேறொரு வாயில் கேட்பவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காவுக்கு மறுபடி அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கும் ஒயர்க் கற்றைகளும் முகத்துக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றன. ஒத்துக்கொண்டால் மூன்று வருஷம். மறுத்தால், முகத்தில் இப்போதுதான் வெளிச்சம் பார்த்த தம்பி மேனேஜர் முன்னால் பொய்க் கையெழுத்துக்காரன்.

மேனேஜருக்கு இது எதுவும் தெரியாது. இன்னொரு காகிதத்தை பானெட்டின் மேல் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"வண்டி சரியாயிடுச்சுன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா. இதை வெச்சுத்தான் மத்த வண்டிகளை அனுப்பணும்."

தம்பி நிமிர்ந்தான். "அக்கா" என்றான். ஒரே ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் இருப்பதைப் போலவே போட்டுவிடு என்று அந்த ஒரு வார்த்தை கெஞ்சியது.

அக்கா பேனாவை வாங்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, விரல்கள் சரியாக வளையவில்லை. அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும், அவள் எப்போதும் போடுகிறபடி எழுதி முடித்தாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

மேனேஜர் காகிதத்தை மடிக்கப் போனவர் நிறுத்தினார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதையும் இதையும் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"கை வலியில கொஞ்சம் மாறியிருக்கும் சார்" என்றான் தம்பி, சிரிக்கப் பார்த்து.

"அப்படியாம்மா?" மேனேஜர் அவனைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. மெயில் அனுப்ப இன்னும் நாற்பது நிமிஷம்.

"கை வலிக்குது, அது நிஜம்தான் சார்" என்றாள் அக்கா. "ஆனா இது ஒண்ணுதான் நான் போட்டது."